பெரியம்மாவின் 16 ஜிபி: பழைய போனில் இடம் எங்கே போகிறது?

நல்லூர்த் தேரன்று காலை, தேர் இருப்பிடத்தை விட்டு அசைந்த நிமிடத்தில்தான் பெரியம்மாவின் போன் படம் பிடிக்க மறுத்தது. இடம் போதவில்லை என்று திரையில் ஒரு வரி. சுற்றிவர அரோகரா முழக்கம். அதற்கு நடுவே நின்று, போனை மூக்குக் கண்ணாடிக்கு அருகே பிடித்தபடி, எஸ்எம்எஸ்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். முப்பது அழித்திருப்பார். திரும்பவும் கமராவைத் திறந்தார், அதே வரி. அவர் நிமிர்ந்து பார்த்தபோது தேர் தெற்கு வீதிக்குத் திரும்பிவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனை என் முன்னால் வைத்தார். “தம்பி, இவ்வளவும் அழித்துவிட்டேன். இன்னும் நிறைந்துதான் இருக்கிறது என்கிறது. இது பொய் சொல்லுகிறதா?”

போன் பொய் சொல்லவில்லை, பெரியம்மா கைவைத்த இடம்தான் பிழை. போனில் இடத்தை அளக்கும் சிறிய அலகு பைட். ஒரு எஸ்எம்எஸ் கூடிப்போனால் 140 பைட். அதற்குள் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படுவதால், அவற்றையும் சேர்த்து 70 குறிகள்தான். முப்பது எஸ்எம்எஸ் என்றால் நாலாயிரம் பைட் சொச்சம். அவருடைய போன் எடுக்கும் ஒரு படமோ ஏறத்தாழ 3.5 எம்பி, அதாவது முப்பத்தைந்து இலட்சம் பைட். தேரை ஒரேயொரு படம் எடுப்பதற்கு அவர் இருபத்தையாயிரம் எஸ்எம்எஸ்களை அழித்திருக்க வேண்டும். அதற்குள் சுவாமி பச்சை சாத்தித் தேரால் இறங்கியிருப்பார்.

அந்தப் போன் அண்ணா கனடாவிலிருந்து வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. 2 ஜிபி ரேம், ஸ்டோரேஜ் எனப்படும் சேமிப்பிடம் 16 ஜிபி. ஒரு ஜிபி என்பது ஏறத்தாழ ஆயிரம் எம்பி. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு போன் இருக்கிறது. பேச்சுக் கேட்கும், திரை உடையவில்லை, பற்றரியும் மத்தியானம் வரை தாங்கும். புதியது வாங்க மனமும் இல்லை, பல வேளைகளில் காசும் இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இன்னும் ஓரிரு வருடங்களுக்கு இதை ஓட்டலாம். அதற்கு முதலில், எது நிறைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும்.

நமது பேச்சிலே இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே பெயர்தான். போன் மெதுவாகப் போனாலும் “மெமறி இல்லை”, படம் எடுக்க முடியாவிட்டாலும் “மெமறி இல்லை”. திருத்தும் கடைக்காரரும் அப்படித்தான் சொல்லுகிறார். இவை இரண்டும் ஒன்றல்ல. குசினியை நினைத்துப் பாருங்கள். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், ஒடியல்மா எல்லாம் இருப்பது சாமான் அறையில். சமையல் நடப்பது அடுப்பில். சாமான் அறை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அடுப்பு இரண்டே இரண்டு என்றால் ஒரே நேரத்தில் இரண்டு சட்டிகளைத்தான் ஏற்றலாம். ஸ்டோரேஜ் என்பது சாமான் அறை. போனை நிறுத்தினாலும் அதில் உள்ளது அப்படியே இருக்கும். ரேம் என்பது அடுப்பு. இப்போது திறந்திருக்கும் செயலிகள் அங்கேதான் வேகின்றன. போனை நிறுத்தினால் அடுப்பு அணைந்துவிடும், அதில் ஒன்றும் மிஞ்சாது.

எனவே படங்களை அழித்து அடுப்பைக் கூட்ட முடியாது. செயலிகளை மூடிச் சாமான் அறையில் இடம் எடுக்கவும் முடியாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். படம் சேமிக்க முடியவில்லை, செயலியைப் புதுப்பிக்க முடியவில்லை, வட்ஸ்அப்பில் வந்த படம் இறங்கவில்லை என்றால் ஸ்டோரேஜ் நிறைந்திருக்கிறது. அழைப்பு வந்து மணி அடித்த பிறகும் யார் என்று திரையில் தெரியத் தாமதமாகிறது, தட்டெழுதும்போது எழுத்து விரலுக்குப் பின்னால் வருகிறது, வட்ஸ்அப்பிலிருந்து யூடியூப்புக்குப் போய்த் திரும்பினால் வட்ஸ்அப் முதலிலிருந்து திறக்கிறது என்றால் ரேம் போதவில்லை. பழைய போன்களில் இரண்டும் சேர்ந்தே வரும் என்பது வேறு கதை.

செட்டிங்ஸைத் திறந்து ஸ்டோரேஜ் என்ற பகுதிக்குப் போனோம். எந்த ஆண்ட்ராய்டு போனிலும் இது இருக்கும். எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று அங்கே பிரித்துக் காட்டும். போன் இயங்குவதற்கான ஆண்ட்ராய்டு அமைப்பு 6.5 ஜிபி. அதை யாரும் தொட முடியாது. 16 ஜிபி என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் நமக்குக் கிடைப்பது பத்துக்கும் குறைவுதான். செயலிகள் 3.6 ஜிபி. பெரியம்மா தன் கையால் எடுத்த படங்களும் வீடியோக்களும் 0.9 ஜிபி. வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தவை 4.4 ஜிபி. சில்லறையாக 0.4. மிச்சம் இருந்தது 200 எம்பி, அதுவும் போன் தன் வேலைக்கென்று விட்டு வைத்திருப்பது.

அந்த எண்களைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் நம்பவில்லை. தேருக்கு முன்பும் இடம் இல்லை என்றபோதெல்லாம் அவர் அழித்தது சொந்தப் படங்களைத்தான்: முற்றத்து மாமரம், பேத்தி வந்து நின்ற நாள்கள், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி. மற்றவர்கள் அனுப்பியதை அழிப்பது மரியாதை இல்லை என்று நினைத்தாராம். நான் பார்த்தவரையில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். சொந்தப் படங்களில் கைவைக்கும் முன்னர், வந்து குவிந்தவற்றில் கைவையுங்கள்.

வட்ஸ்அப்பில் செட்டிங்ஸுக்குள் ஸ்டோரேஜும் டேட்டாவும் என்ற பகுதி உண்டு. அதில் ஸ்டோரேஜை நிர்வகிக்கும் பக்கத்தைத் திறந்தால், 5 எம்பிக்கு மேற்பட்டவற்றைத் தனியாகவும், பல தடவை கைமாறி வந்தவற்றைத் தனியாகவும் காட்டும். கீழே எந்த உரையாடல், எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியிருக்கும். பெரியம்மாவின் பட்டியலில் முதலிடம் ஊர்ச் சங்கத்தின் குழுவுக்கு. அவர் அதில் இதுவரை எழுதியது இரண்டே வரி, இரண்டும் மரணச் செய்திகளுக்கு ஆழ்ந்த அனுதாபம். அந்தக் குழுவில் மட்டும் 1.3 ஜிபி இருந்தது. இலண்டனில் நடந்த சாமத்தியவீடு, யாரோ வெட்டி ஒட்டிய பட்டிமன்றம், ரோசாப்பூவுடன் காலை வணக்கம், அதே ரோசாப்பூவுடன் இன்னொரு காலை வணக்கம். 5 எம்பிக்கு மேற்பட்டவற்றை மட்டும் ஒருதடவை கண்ணோட்டமாகப் பார்த்து, வேண்டியதை விட்டுவிட்டு மிகுதியை அழித்தோம். பத்து நிமிடங்களில் 2.7 ஜிபி திரும்பக் கிடைத்தது.

வீடியோதான் பெரிய தின்னி. முழு எச்டி தரத்தில் போனால் எடுக்கும் ஒரு நிமிட வீடியோ 100 எம்பியைத் தாண்டிவிடும். வட்ஸ்அப் அனுப்பும்போது அதைச் சுருக்குகிறது. இருந்தாலும் வீடியோ வீடியோதான். குரல் பதிவுகள் மிகச் சிறியவை, ஒரு நிமிடம் ஒரு எம்பிகூட வராது. எழுத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல் போனுக்குள் 33 பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு படத்தின் இடத்தில் அதை ஓர் இலட்சம் தடவை எழுதி வைக்கலாம். ஆகவே உரையாடல்களை அழிக்க வேண்டாம்.

அழித்த பிறகு குழாயையும் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் தொட்டி பழையபடி நிறைந்துவிடும். அதே ஸ்டோரேஜும் டேட்டாவும் பகுதியில், வருபவற்றைத் தானாக இறக்கும் வசதி இருக்கிறது. மொபைல் டேட்டாவில் போகும்போது ஒன்றுமே தானாக இறங்காதபடியும், வைஃபையில் படங்கள் மட்டும் இறங்கும்படியும் வைத்துவிட்டேன். வீடியோ வேண்டுமென்றால் அதன்மேல் தொட்டால் இறங்கும். டேட்டாவும் மிச்சம். வைபரிலும் டெலிகிராமிலும் இதேபோன்ற வசதிகள் உண்டு. டெலிகிராமில் ஒரு நன்மை: குழுக்களில் வந்தவை அதன் சேவையகத்திலேயே, அதாவது அந்த நிறுவனத்தின் கணினிகளிலேயே கிடப்பதால், போனில் உள்ள பிரதியைத் துடைத்தாலும் தேவைப்படும்போது மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். வட்ஸ்அப்பை அப்படி நம்ப முடியாது. அழித்தது வேண்டுமென்றால் பெரும்பாலும் அனுப்பியவரிடமே திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.

இன்னொரு மூலை பலருக்குத் தெரியாது. வட்ஸ்அப் ஒவ்வொரு நாளும் அதிகாலை 2 மணிக்கு உரையாடல்களின் பிரதி ஒன்றைப் போனிலேயே எழுதி, கடைசி ஏழு நாள்களுக்கு உரியவற்றை வைத்திருக்கும். நீண்ட காலம் பாவித்தவர்களுக்கு ஒவ்வொரு பிரதியும் சில நூறு எம்பி இருக்கலாம். கோப்புகளைக் காட்டும் செயலியால் வட்ஸ்அப்பின் டேட்டாபேஸ் கோப்புறைக்குள் போய், திகதி போட்ட பழைய பிரதிகளை அழிக்கலாம். திகதி இல்லாத ஒன்றுதான் ஆகப் புதியது, அதைத் தொடக்கூடாது. கை நடுங்கினால் இந்த வேலையையே விட்டுவிடுங்கள்.

செயலிகளின் பக்கத்துக்கு வருவோம். ஒவ்வொரு செயலியையும் தொட்டால் இரண்டு பொத்தான்கள் தெரியும்: ஒன்று கேஷைத் துடைப்பது, மற்றது டேட்டாவைத் துடைப்பது. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், குணம் வேறு. கேஷ் என்பது, அடுத்த தடவை விரைவாகக் காட்டுவதற்காகச் செயலி ஒதுக்கி வைத்திருக்கும் தற்காலிகப் பொருள். அதைத் துடைத்தால் நட்டமில்லை, திரும்பவும் சேரும். டேட்டாவைத் துடைத்தால் செயலி நேற்றுப் பிறந்த பிள்ளை மாதிரி ஆகிவிடும். கடவுச்சொல் கேட்கும், சேமித்தவை போய்விடும். வட்ஸ்அப்பில் அந்த இரண்டாவது பொத்தானை ஒருபோதும் அழுத்த வேண்டாம். பெரியம்மாவின் போனில் பேஸ்புக்கின் கேஷ் மட்டும் 400 எம்பி. அதைத் துடைத்ததோடு, பெரிய பேஸ்புக் செயலியையே நீக்கிவிட்டு, 2015இல் இப்படிப்பட்ட போன்களுக்கென்றே வந்த பேஸ்புக் லைட்டைப் போட்டேன். அழகு குறைவுதான், ஆனால் அவர் பார்ப்பது பிறந்தநாளும் திருமணமும்.

படங்களைக் கூகுளின் இணையச் சேமிப்பான கூகுள் போட்டோஸில் ஏற்றி வைப்பவர்கள் ஓர் இடத்தில் வழுக்குகிறார்கள். மேலே ஏறிவிட்டதுதானே என்று அந்தச் செயலிக்குள்ளேயே படத்தை அழித்தால், மேலே உள்ளதும் சேர்ந்து அழியும். அதற்கென்று, போனில் இடத்தை விடுவிக்கும் பொத்தான் தனியாக இருக்கிறது. அது போனில் உள்ள பிரதியை மட்டும் நீக்கும். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. முன்பு சுருக்கிய படங்களுக்கு எல்லை இல்லாமல் இருந்தது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றுபவை கணக்கில் சேர்கின்றன, ஜிமெயிலும் அதே 15க்குள்தான். அழித்த படங்கள் சில வாரங்களுக்குக் குப்பைத் தொட்டியில் கிடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தொட்டியை வெறுமையாக்கும்வரை இடம் திரும்பாது. என்னைக் கேட்டால், முக்கியமான படங்களை யூஎஸ்பி வயரால் கணினிக்கு மாற்றி, அங்கே ஒன்றிரண்டைத் திறந்து பார்த்த பிறகு போனில் அழிப்பேன். கணினி இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மடிக்கணினி போதும்.

“ஒரு மெமறி கார்ட் வாங்கிப் போட்டால் என்ன?” என்று பெரியம்மா கேட்டார். போடலாம், ஆனால் கவனம். சில வருடங்களுக்கு முன் நகரில் ஒரு கடையில் 128 ஜிபி என்று அச்சிட்ட கார்ட் ஒன்றை மலிவாக வாங்கினேன். போனும் 128 என்றே காட்டியது. எட்டு ஜிபி வரை ஒழுங்காக இருந்தது. அதற்குப் பிறகு போட்ட படங்கள் எல்லாம் பெயராக மட்டும் தெரிந்தன, திறந்தால் சாம்பல் நிறம். கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி, இல்லாத அளவை இருப்பதாகச் சொல்ல வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து, புதிய கார்ட் எதையும் கணினியில் போட்டு விளிம்பு வரை நிரப்பி, கடைசியாகப் போட்ட கோப்புகளைத் திறந்து பார்க்காமல் நம்புவதில்லை.

நல்ல கார்டாக இருந்தால் கமராப் படங்களும் பாட்டுகளும் அதில் இருக்கட்டும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கார்டைப் போனின் உள் ஸ்டோரேஜோடு ஒன்றாக இணைக்கும் வசதியும் சில போன்களில் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படி இணைத்த கார்ட் அந்தப் போனோடு மட்டுமே பேசும். கழற்றி வேறொன்றில் போட்டால் வாசிக்க முடியாது, கழற்றினால் அதில் இருக்கும் செயலிகளும் நின்றுவிடும். கார்டின் வேகமும் உள் ஸ்டோரேஜைவிடப் பெரும்பாலும் குறைவு. பழைய போனுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஸ்டோரேஜ் விளிம்பு வரை நிறைந்தால் போன் ஏன் மெதுவாகிறது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. போனில் இருப்பது ஃபிளாஷ் வகைச் சில்லு. அதில் எழுதியதன் மேலேயே திருப்பி எழுத முடியாது; முதலில் துடைக்க வேண்டும், துடைப்பதோ பெரிய துண்டாகத்தான் நடக்கும். முட்டைத் தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டில் இரண்டு முட்டைகள் உடைந்துவிட்டன, தட்டைக் கழுவ வேண்டும். நல்ல முட்டைகளை வேறொரு வெறும் தட்டுக்கு மாற்றினால்தான் இதைக் கழுவலாம். வெறும் தட்டு நிறைய இருந்தால் வேலை சுலபம். ஒன்றிரண்டுதான் மிச்சம் என்றால், ஒரு முட்டையை வைக்கப் பத்து முட்டைகளை இடம் மாற்ற வேண்டியிருக்கும். போனும் அப்படித்தான் உள்ளுக்குள் திணறுகிறது. பத்தில் ஒரு பங்காவது வெறுமையாக விட்டு வைப்பது என் வழக்கம். 16 ஜிபி போனில் 1.6 ஜிபி.

இனி அடுப்பு. 2 ஜிபி ரேமில் பெரும்பங்கை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில், நீங்கள் கடைசியாகத் தொட்ட செயலிகளை அது சூட்டோடு வைத்திருக்கும். புதிதாக ஒன்று வந்து இடம் போதாவிட்டால், நெடுநேரம் தொடாத சட்டியை அதுவே இறக்கிவிடும். இந்த வேலையைச் செய்யத் தெரிந்துதான் அதை அமைத்திருக்கிறார்கள். ஆனால் நம்மில் பலர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாச் செயலிகளையும் விரலால் மேலே தள்ளி மூடுகிறோம். சூடாக இருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஐந்து நிமிடங்களில் திரும்பவும் ஏற்றி, முதலிலிருந்து கொதிக்க வைக்கிறோம். பற்றரிதான் செலவாகிறது. ஒரு செயலி உறைந்துபோனால் அதைத் தள்ளி மூடலாம், வீட்டு வழக்கமாக வைத்திருக்க வேண்டியதில்லை.

ரேமைச் சுத்தமாக்குவதாகச் சொல்லும் செயலிகளைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. பெரியம்மாவின் போனில் அப்படி இரண்டு இருந்தன. ரொக்கட் பறப்பது மாதிரி ஒரு படம் காட்டும், இவ்வளவு எம்பி விடுவித்தேன் என்று பெருமை பேசும், பிறகு விளம்பரம் போடும். தான் உட்கார்ந்திருக்கும் இடத்தை மட்டும் விடாது. இவற்றின் தொல்லையாலோ என்னவோ, ஆண்ட்ராய்டு 14 முதல் ஒரு சாதாரணச் செயலி மற்றச் செயலிகளைப் பின்னணியில் நிறுத்தும் வழியைக் கூகுள் அடைத்துவிட்டது. இரண்டையும் நீக்கினேன். அசையும் பின்னணிப் படத்தை மாற்றி, முகப்புத் திரையில் இருந்த வானிலைப் பெட்டியையும் எடுத்துவிட்டேன். உலாவியில் 47 பக்கங்கள் திறந்தபடி கிடந்தன. பாதிக்கு மேல் ஒரே இராசிபலன். வாரத்துக்கு ஒருமுறை போனை நிறுத்தித் திரும்பப் போடும்படியும் சொன்னேன், அது உண்மையாகவே உதவும்.

இதற்கு மேல் ரேமில் செய்யக்கூடியது அதிகம் இல்லை. அதைக் கூட்டிப் பொருத்த முடியாது, போனுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையோடு ஒட்டியே வருகிறது. போனின் ஆண்ட்ராய்டு பதிப்பு மிகப் பழையதானால் செயலிகளும் கைவிடத் தொடங்கும், ஆண்ட்ராய்டு 4.4க்கு வட்ஸ்அப் கொடுத்த ஆதரவு 2025 ஜனவரி 1உடன் முடிந்தது. அந்த நிலைக்கு வந்த போனில் எதை அழித்தாலும் பயனில்லை.

பெரியம்மாவின் போன் அந்த நிலைக்கு வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் விறாந்தையில் இருந்துகொண்டு, 5 எம்பிக்கு மேற்பட்டவற்றின் பக்கத்தைத் தானே திறக்கிறார். போன கிழமை நான் சுன்னாகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

“தம்பி, இதிலே 62 எம்பியில் ஒன்று இருக்கிறது. உன் அண்ணா வீட்டு வாசலில் பனி வழிக்கிறான். போன வருடமும் இதைத்தானே அனுப்பினான்?”

“ஓம் பெரியம்மா. அதற்கு முதல் வருடமும்.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை வைத்தார்.

“அவனிடம் சொல்லிவிடாதே.”